பல்லுக்குக் கொடுத்த சந்தா

பக்கிரிசாமியை மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்து இறக்கியபோது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வீடுகளில் ஓர் ஆள்கூட அழவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தி வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். தெளிப்பதை நிறுத்தாமலே வண்டியை எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் மூச்சிருக்கிறதே என்று வருத்தப்பட்டாள்.

முந்தின நாள் சாயங்காலம் சம்சுச் சாராயக்கடைப் பின்புறம் மூன்று பேர் அவனைப் பாராங்கத்தியால் போட்டிருந்தார்கள். வலது தோளில் தொடங்கின வெட்டு முழங்கைக்குப் போய்த்தான் நின்றது. தொடையில் ஒன்று, முதுகில் இரண்டு. பெரியாஸ்பத்திரியில் நாற்பத்தொரு தையல் போட்டு, காலையில் போலீஸ் வந்து வாக்குமூலம் எழுதும் என்று சொல்லியிருந்தார்கள். பக்கிரிசாமிக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. வெட்டினவர்களுக்குத் தன் கையால்தான் பதில் சொல்லவேண்டும், போலீஸ் நடுவில் வந்தால் காரியம் கெட்டுவிடும் என்று காலை இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறிவிட்டான். லயத்துக்கு வந்து பலகைக் கட்டிலில் சாய்ந்ததும் அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்.

"டிரஸரைக் கூப்பிடு. நான் சந்தா கட்டினவன்."

டிரஸர் என்றால் நாகையா. காப்பார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் கட்டுப் போட்டவர். ரப்பர் விலை விழுந்து தோட்டம் பாதி மூடினபோது வேலை போய், ஒரு பழைய சைக்கிளோடும் ஒரு தோல் பையோடும் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து சேர்ந்தார். தன் வைத்தியத்தில் பாதி துரை டாக்டரிடம் கற்றது, மீதி பயத்தில் வந்தது என்று அவரே சொல்லுவார். அந்த மீதிதான் அதிகம் பேரைப் பிழைக்க வைத்தது என்பது லயத்தாரின் அபிப்பிராயம்.

அது 1932, மலாய் நாடு. ஆளுக்கு நாள் கூலி நாற்பது காசு, அதுவும் வேலை இருக்கிற நாளில். டாக்டர் வீட்டுக்கு வந்து நாடி பார்க்க மூன்று வெள்ளி, வண்டி வாடகை தனி. ஆகவே நாகையா ஒரு கூட்டு உண்டாக்கினார். நாற்பது வீடு, வாரம் வீட்டுக்குப் பத்து காசு. அதில் கொய்னா, அயோடின், கட்டுத்துணி, நாகையாவின் சோறு எல்லாம் அடக்கம். ஆனால் வீட்டு வைத்தியத்தில் மருந்து மலிவு, மனுஷன்தான் விலை. கஞ்சி ஊட்ட, புரட்டிப் போட, ஈ ஓட்ட ஓர் ஆள் உட்காரவேண்டும். உட்காருகிறவனுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. அதற்காக வந்ததுதான் முறைப்பலகை.

ரப்பர் பெட்டியில் உடைத்த ஒரு சாண் பலகை. எந்த வீட்டு ஆணியில் தொங்குகிறதோ அந்த வீட்டிலிருந்து ஓர் ஆள், பொழுது விடிந்து பொழுது சாய்கிறவரை நோயாளியிடம் உட்காரவேண்டும். முழுநாள் உட்கார்ந்த பிறகுதான் பலகையைக் கழற்றி அடுத்த வீட்டில் மாட்டலாம். முடியாதவர்கள் முப்பது காசை உண்டியலில் போட்டு விலகிக்கொள்ளலாம். அவனோடு எனக்குப் பேச்சு இல்லை என்று மட்டும் சொல்லக்கூடாது. லயத்தில் பாதி வீட்டுக்கு மீதி வீட்டோடு பேச்சு இல்லை என்பதால் நாகையா இந்தச் சட்டத்தைக் கர்ப்பூரம் கொளுத்திச் சத்தியம் வாங்கி வைத்திருந்தார். ஒன்பது மாதமாக நடந்தது. விளக்குமாற்றால் அடித்துக்கொண்ட பெண்கள் ஒருத்தி பிரசவத்தில் இன்னொருத்தி வாய் திறக்காமல் வந்து உட்கார்ந்து, வாய் திறக்காமல் எழுந்து போனார்கள்.

இந்தக் கூட்டில் பக்கிரிசாமி எப்படி வந்தான் என்பதுதான் நாகையாவின் வாழ்க்கையில் பெரிய முட்டாள்தனம். பக்கிரிசாமி ரோட்டுக் கல் உடைக்கிற கூட்டத்துக்கு மண்டோர், மேஸ்திரி. ஆள்களை மேய்க்க அவனுக்குத் தெரிந்த பாஷை காலும் கையும்தான். ஐந்து வாரத்துக்கு முன் நாகையா தெரியாத்தனமாக அவன் வாசலிலும் சந்தா கேட்டு நின்றார். ஒரு குத்து. முன்பல் இரண்டும் மண்ணில் விழுந்தன. ரத்தத்தோடு குனிந்து அவர் அவற்றைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கிரிசாமி ஒரு வெள்ளி இருபது காசை அவர் முதுகில் விட்டெறிந்து, பல்லுக்கு வைத்துக்கொள் என்றான். நாகையாவுக்குக் காசைத் திருப்பிக் கொடுக்கத் தைரியமில்லை, பைக்குள் வைத்துக்கொள்ள மானமில்லை. ஆகவே நோட்டில், பக்கிரிசாமி, பன்னிரண்டு வாரச் சந்தா முன்பணம் என்று எழுதிவிட்டார். அத்தனை வாரத்துக்கு அந்த வாசலில் போய் நிற்கவேண்டாமே என்று அப்போது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

பலகை அன்றைக்கு வாசு வீட்டில் தொங்கியது.

வாசு கல் உடைக்கிறவன். போன தீபாவளிக்கு முன் கடப்பாறையால் அடித்து அவன் இடது கையை ஒடித்தவன் பக்கிரிசாமி. எலும்பு கோணலாகச் சேர்ந்து, வாசு எங்கே நின்றாலும் அந்தக் கை யாரிடமோ எதையோ கேட்கிற மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். மறுநாள் விடிந்ததும் அவன் ஒரு வார்த்தை பேசாமல் வந்து கட்டில் பக்கத்தில் குந்தினான். இத்தனை அடக்கம் நல்லதற்கு இல்லை என்று நாகையா அப்போதே நினைத்திருக்கவேண்டும். வேறு ஒரு வீட்டுக் காய்ச்சலைப் பார்த்துவிட்டு மத்தியானம் திரும்பினபோது உள்ளே கட்டில் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

வாசு நோயாளியின் நெஞ்சில் முழங்காலை ஊன்றித் தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டிருந்தான். பக்கிரிசாமியின் நல்ல கை வாசுவின் கன்னத்தைப் பிறாண்டிக் கோடு கோடாகக் கிழித்திருந்தது. தோளில் தையல் விட்டு ரத்தம் பாயில் ஊறி, பலகைச் சந்து வழியாகத் தரையில் சொட்டியது. கால் இரண்டும் உதைத்து உதைத்து மெதுவாகிக்கொண்டே வந்தன.

நாகையா அறையைச் சுற்றித் துழாவினார். கைக்கு அகப்பட்டது பெட்பேன். எனாமல் பூசினது, புதுசு, இரண்டரை வெள்ளி, கூட்டின் சொத்துக்களிலேயே விலை உயர்ந்தது. அதைத் தூக்கி வாசுவின் மண்டையில் போட்டார். ஓர் அடி போதுமாயிருந்தது. நாகையா மூன்று அடித்தார். பயந்தவனுக்கு அடிக்கும்போது எண்ணிக்கை தெரிவதில்லை. வாசு காது கிழிந்து சுவரோரம் விழுந்தான். பக்கிரிசாமி தலையணையைத் தள்ளிவிட்டு, கிணற்றிலிருந்து எடுத்தவன் மாதிரி மூச்சை இழுத்தான்.

அன்று கூட்டுக்கு நோயாளி இரண்டானார்கள். இரண்டாவது ஆளை வைத்தியரே தயாரித்திருந்தார். யாரை முதலில் தைப்பது என்று நாகையா ஊசியோடு நடுவில் நின்றார். கடைசியில் அதிகம் சொட்டுகிறவனை முதலில் தைத்தார்.

காதில் ஊசி ஏறும்போது வாசு சொன்னான், "அவன் ஒடைச்சான். நீங்க கோணலா கட்டுனீங்க. இப்ப மண்டையிலயும் போடுறீங்க. என்னைப் பார்த்தா எப்படிண்ணே தெரியுது ஒங்களுக்கு?"

"கோணல்ல பாதி என்னோடதுதான் தம்பி," என்றார் நாகையா. அந்தத் தையலும் கோணலாகத்தான் விழுந்தது.

பொழுது சாய்கிறவரை வாசு கட்டுப்போட்ட தலையோடு வாசற்படியில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பலகையைக் கொண்டுபோய் அடுத்த வீட்டு ஆணியில் மாட்டிவிட்டான்.

அன்று சாயங்காலம் கிஃபாயத்துல்லா பாயின் சாப்பாட்டுக் கடையில் கூட்டம் கூடியது. உண்டியல் அவரிடம்தான் இருந்தது. யாருக்கும் அவர் உறவில்லை என்பதால் எல்லாரும் அவரை நம்பினார்கள். ஐந்து வாரக் காசு போக மீதியைப் பக்கிரிசாமி மூஞ்சியில் எறிந்து பெயரை அடி என்பதுதான் எல்லார் பேச்சும். பாயும் அதையே சொன்னார். நாகையா எழுந்து, இன்றைக்குப் பிடிக்காதவன் என்று இவன் பெயரை அடித்தால் நாளைக்கு யாருக்கும் பிடிக்காத இன்னொருத்தன் படுப்பான், இந்த லயத்தில் யாரையாவது யாருக்காவது பிடிக்கிறதா என்று கேட்டார். அவன் நம் ஆள் உட்கார்ந்திருக்கும்போது செத்தால் நாற்பது வீட்டையும் போலீஸ் வாரிக்கொண்டு போகும், பலகை அடுப்புக்குப் போகும் என்றும் சொன்னார். பல் போன இடத்தில் காற்றுப் புகுந்து, பேச்சில் பாதி விசிலாக வந்தது. யாரோ ஒரு கண்ணாடிக் கிளாஸை வீசினார்கள். அது நாகையாவின் நெற்றியில் உடைந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் எல்லாருக்கும் கொஞ்சம் வெட்கம் வந்து, பாய் துண்டு கொடுத்து, கூட்டம் அதோடு கலைந்தது.

நெற்றியைப் பொத்திக்கொண்டு திரும்புகிற வழியில்தான் பலகை தொங்குகிற கதவை நாகையா பார்த்தார்.

வள்ளியம்மா வீடு.

அவளும் காப்பார் தோட்டத்து ஆள்தான். பக்கிரிசாமி அப்போது அங்கே கங்காணி. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில், பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குத் தாமதமாக வந்தான் என்று அவள் புருஷன் அய்யாவுவின் விலாவுக்குக் கீழே ஓர் உதை விட்டான். மலேரியாக் காய்ச்சலில் மண்ணீரல் வீங்கியிருந்த உடம்பு. பழுத்த பப்பாளி மாதிரி அது உள்ளேயே வெடித்துவிட்டது. மத்தியானத்துக்குள் அய்யாவு வெளுத்துப் போய்ச் செத்தான். பிணத்தைக் கழுவியவர் நாகையா. இடது விலாவில் பூட்ஸின் அச்சு ஆணித் தலைகளோடு பதிந்திருந்தது. துரை டாக்டர் வாசலில் நின்றபடியே என்ன என்று கேட்டார். பக்கிரிசாமி பக்கத்தில் நின்றான். நாகையா காய்ச்சல் என்றார். டாக்டர் காய்ச்சல் என்று எழுதிக்கொண்டு போனார்.

அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு வாங்கினார் என்று கேட்டால், ஒன்றுமில்லை. பயம் அவரிடம் எப்போதும் இலவசமாகத்தான் வேலை செய்தது.

வள்ளியம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். நாகையா தன் மடியிலிருந்து முப்பது காசை எடுத்து, உன் முறைக்கு நான் போட்டுவிடுகிறேன், நீ நாளைக்கு வேலைக்குப் போ என்றார். அவள் பாராங்கத்தியைக் கட்டையில் ஒரே போடாகப் போட்டு நிறுத்தினாள்.

"மொறை எனக்கு வந்திருக்கு. நான் உக்காருறேன்."

"வேணாம்மா."

"என் புள்ளைத்தாச்சித் தங்கச்சிக்கு ஆறு வீட்டுக்காரங்க வந்து உக்காந்தாங்க. நான் காசு குடுத்து ஒதுங்குற ஆளில்ல டிரஸரய்யா. நெத்தியில என்ன ரத்தம்? தொடைங்க."

மறுநாள் விடியும்போதே அவள் கஞ்சிப் பானையோடு வந்துவிட்டாள். நாகையாவும் வந்து ஒரு மூலையில் உட்காரப் பார்த்தார். ஒரு நோயாளிக்கு இரண்டு ஆள் உட்காரச் சட்டம் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். சட்டம் எழுதினவரே அவர், இல்லை என்று சொல்லவேண்டியதாயிற்று. வெளியே வந்து சன்னலுக்குக் கீழே சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, கெடாத சங்கிலியை ரிப்பேர் பார்த்தார்.

வெகுநேரம் உள்ளே சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் அவள் புண்ணை வெந்நீரில் துடைக்கிறாள், கஞ்சியை ஆற்றி ஊட்டுகிறாள், ஈ ஓட்டுகிறாள். நாகையாவுக்கு இதுதான் கலவரமாக இருந்தது. வாசு மாதிரி ஏறி உட்கார்ந்திருந்தால் பெட்பேனோடு போயிருப்பார்.

மத்தியானம் ஜுரம் இறங்கி, பக்கிரிசாமிக்குக் கண் தெளிந்தது. நீ யாரு என்று கேட்பது வெளியே கேட்டது.

"காப்பார்ல அய்யாவுன்னு ஒருத்தர் இருந்தாரு. அவரு பொஞ்சாதி."

கட்டில் கிறீச்சிட்டது. பானை உருண்டது. நாகையா உள்ளே பாய்ந்தபோது பக்கிரிசாமி இடது கையில் வள்ளியம்மாவின் கொண்டையைச் சுற்றிப் பிடித்து அவள் தலையைக் கட்டில் சட்டத்தில் மோதிக்கொண்டிருந்தான். ஒரு தரம், இரண்டு தரம். மூன்றாம் தரத்துக்குப் பதில் கொண்டையை விட்டுவிட்டுப் பாய்க்கு அடியில் கையை நுழைத்தான். வெளியே வந்தது ஒரு மீன் வெட்டுகிற கத்தி. அவள் தன்னைக் கொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. அவள் இடத்தில் அவன் இருந்தால் அதைத்தானே செய்வான்.

கத்தி அவள் கழுத்தைப் பார்த்து இறங்கும்போது நாகையா நடுவில் கையைக் கொடுத்தார். பிடியைப் பிடிக்கத்தான் நினைத்தார், அகப்பட்டது அலகு. உள்ளங்கை வெள்ளையாகத் திறந்து, பிறகு சிவந்தது. விடாமல் பிடித்துக்கொண்டு அவன் மணிக்கட்டைக் கடித்தார். கடியில் பிடி இல்லை. அதற்கு வேண்டிய பல் இரண்டும் இதே ஆள் கணக்கில் போயிருந்தன. பக்கிரிசாமி தலையால் அவர் மூக்கில் முட்டினான். மூக்கு உடைகிற சத்தம் நாகையாவுக்கே கேட்டது.

வள்ளியம்மா எழுந்து கஞ்சிப் பானையைத் தூக்கி அவன் தையல் போட்ட தோளில் போட்டாள். பானை உடைந்தது. தையல் எல்லாம் ஒரே நேரத்தில் வாய் பிளந்தன. அவன் போட்ட அலறலில் லயம் முழுக்கக் கதவு திறந்தது. ஒருவரும் வெளியே வரவில்லை. கீழே விழுந்த கத்தியை அவள் எடுத்தாள். அவன் தொடை வெட்டின் மேல் முழங்காலை ஊன்றினாள். சட்டையை விலக்கி, இடது விலாவுக்குக் கீழே, மென்மையான இடமாகப் பார்த்துக் கத்தி முனையை வைத்தாள். ஒரு சொட்டு ரத்தம் முனையைச் சுற்றி வந்து நின்றது.

பக்கிரிசாமி மூச்சை இழுக்கவில்லை. இழுத்தால் வயிறு மேலே வரும்.

"இங்கதானே," என்றாள் அவனைப் பார்த்து. பிறகு தலையைத் திருப்பாமலே கேட்டாள். "டிரஸரய்யா. இப்ப நான் அழுத்துனா, இதையும் காய்ச்சல்னுதான் எழுதிக் குடுப்பீங்களா?"

தரையில் உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த நாகையா கையை எடுத்தார். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த ஒன்பது மாதமும் தெரிந்துகொண்டுதான் வாரம் பத்து காசை அவர் கையில் வைத்திருக்கிறாள். பல் போன அன்றைக்கு உப்புத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள்.

வாய்க்கு வந்தது ஒரு வேடிக்கைப் பேச்சு. எப்போதும் அதுதான் முதலில் வரும். அதை ரத்தத்தோடு சேர்த்து விழுங்கினார்.

"இல்லம்மா. அது ஒதை. அச்சு இருந்துச்சு. பூட்ஸு ஆணி பதினோரு அச்சு. நான் எண்ணுனேன்."

"எண்ணுனீங்களா."

"கழுவுறப்ப எண்ணுனேன். பயந்துட்டேன்."

அவள் கத்தியை எடுக்கவில்லை. முனை கொஞ்சம் அழுந்தி இன்னொரு சொட்டு வந்தது. "அப்ப எழுதுங்க," என்றாள். "இப்ப. என் கண்ணு முன்னால."

பையில் கூட்டின் நோட்டு இருந்தது. வலது கை திறந்து கிடந்ததால் இடது கையால் எழுதினார். எழுத்து முதல் வகுப்புப் பிள்ளை எழுத்தாக வந்தது. அய்யாவு செத்தது காய்ச்சலில் அல்ல, பக்கிரிசாமி உதைத்த உதையில், பார்த்தவன் நான், பொய் சொன்னவனும் நான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. உரக்கப் படிக்கச் சொன்னாள். இரண்டு தரம் படித்தார்.

இரண்டாம் தரம் முடிந்ததும் பக்கிரிசாமி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு முனகினான். "மட்டம் போட்டான். ஒரு ஒதைதான் விட்டேன். ஒரு ஒதையில எவனாச்சும் சாவானா."

அதையும் எழுதச் சொன்னாள். நாகையா எழுதி, கீழே ரத்தக் கட்டைவிரலை வைத்தார். மை தேட வேண்டியிருக்கவில்லை.

அவள் தாளைக் கிழித்து மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். கத்தியைச் சன்னல் கட்டையில் வைத்தாள். தொடையிலிருந்து இறங்கினாள். தலைமுடியை முடிந்துகொண்டு, தரையில் கொட்டின கஞ்சியை வழித்து எடுத்தாள். பிறகு தோளுக்குப் புதுக் கட்டுப் போட்டாள். நாகையா சொல்லச் சொல்ல, அவர் கை செய்ய முடியாததை அவள் கை செய்தது. பொழுது இன்னும் சாயவில்லை. அவள் முறை முடியவில்லை. விசிறியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, வெயில் இறங்குகிறவரை அவன் மேல் ஈ உட்காரவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

வெளிச்சம் மங்கினதும் எழுந்து போய்ப் பலகையைக் கழற்றி அடுத்த ஆணியில் மாட்டினாள். அடுத்த வீடு நாகையாவுடையது.

மறுநாள் காலை, மலாயும் இங்கிலீஷும் பேசத் தெரிந்த கிஃபாயத்துல்லா பாயோடு அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். பத்து மணிக்குப் போலீஸ் வந்தது. கொன்றதற்கு ஒருவன், மறைத்ததற்கு ஒருவன். கிள்ளான் கோர்ட்டுக்கு அனுப்புகிறவரை இரண்டு பேரையும் ஒரே அறையில் அடைத்தார்கள். பக்கிரிசாமியைப் பாயில் கிடத்தினார்கள். நாகையா தலைக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். இன்றைக்கு முறை அவருடையது. பன்னிரண்டு வாரத்தில் இன்னும் ஏழு வாரம் பாக்கி. இவனிடமிருந்து தப்பிக்கச் சந்தா எழுதப்போய், இவனோடு சேர்த்துப் பூட்டும்படி ஆயிற்றே என்று மூக்கு வலிக்கச் சிரித்தார். பிறகு காவல்காரனிடம் வெந்நீர் கேட்டு வாங்கி, ஒற்றைக் கையால் அவன் புண்ணைத் துடைத்தார். பக்கிரிசாமி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. கையை மட்டும் துடைக்க வாகாகத் தூக்கிக் கொடுத்தான்.

அதற்கு மறுநாள் ஸ்டேஷன் வாசலில் வாசு நின்றான். காதில் கட்டு, கோணல் கையில் கஞ்சித் தூக்கு, மற்றக் கையில் நசுங்கின பெட்பேன், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட முறைப்பலகை. வள்ளியம்மா முந்தின சாயங்காலம் அவன் வீட்டுக்கே வந்து, நீ அன்றைக்கு உட்கார்ந்தது முறையில் சேராது, திரும்ப உட்காரவேண்டும் என்று சொல்லிப் பலகையை அவன் ஆணியில் அடித்து மாட்டிவிட்டுப் போயிருந்தாள்.

உள்ளே இருக்கிற இரண்டு பேரில் யாருக்கு என்று காவல்காரன் கேட்டான்.

வாசு கம்பிக்குள் பார்த்தான். "ரெண்டு பேரும் சந்தா கட்டுனவங்க," என்றான் எரிச்சலாக.

உள்ளே விட்டார்கள். நாகையாவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு அவருக்கு முதலில் ஊட்டினான். பிறகு பக்கிரிசாமி பக்கம் நகர்ந்து குந்தினான். பக்கிரிசாமி வாயைத் திறந்தான். வாசு கரண்டியை அந்த வாய்க்கு நேரே கொண்டுபோய், வெகுநேரம் அப்படியே வைத்திருந்தான். கஞ்சியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. நாகையா எழுந்திருக்கப் பார்த்தார்.

வாசு கரண்டியைத் தன் பக்கம் இழுத்து இரண்டு தரம் ஊதினான். பிறகு ஊட்டினான்.